மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு

போர்க்காலத்தில் கப்பலை இழந்த தலைவர்கள் பலர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை மட்டும் 300க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களை இழந்தது. அவற்றின் தலைவர்களுள், பகைவரின் தாக்குதலில் கப்பல் மூழ்கியதையொட்டிக் கடற்படை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் ஒருவரே. அவர் ‘இண்டியானாபொலிஸ்’ என்னும் குரூசர் கப்பலின் தலைவராயிருந்த மூன்றாம் சார்லஸ் பட்லர் மக்வே. கப்பலை நேர்கோட்டில் செலுத்தினார் என்பதே அவர்மீது நிலைநாட்டப்பட்ட குற்றம். தண்டனை இரண்டே மாதத்தில் நீக்கப்பட்டது, தீர்ப்போ நீக்கப்படவில்லை. அத்தீர்ப்பை எதிர்த்து முறையிட ஒரு மன்றம் இல்லாமற்போனதும், மன்றமில்லாத அம்முறையீட்டை 50 ஆண்டுகளுக்கு மேலாகச் சிலர் விடாது எடுத்துச் சென்றதும், இறுதியில் அவர்கள் பெற்றது யாது என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கப்பலும் கடைசிப் பயணமும்

மக்வே 1898இல் பிறந்தவர். தந்தையாரும் அட்மிரல், ஆசியக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1919இல் தேறிய மகன், சாலமன் தீவுப் போரில் காட்டிய துணிவுக்காக வெள்ளி விண்மீன் விருது பெற்று, 1944 நவம்பரில் இண்டியானாபொலிஸின் பொறுப்பை ஏற்றார். 1932இல் பணியில் சேர்ந்த அக்கப்பல், அட்மிரல் ஸ்புரூயன்சின் ஐந்தாம் கடற்படைக்குத் தலைமைக் கப்பலாக விளங்கியது. 1945 மார்ச் 31 அன்று ஒகினாவாவுக்கு அருகே ஜப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று மோதியதில் 9 பேர் மாண்டனர். கப்பல் பழுதுபார்ப்புக்காகக் கலிபோர்னியா திரும்பியது.

அங்கிருந்து ஜூலை 16 அன்று அது மீண்டும் புறப்பட்டபோது அதன் தளத்தில் பெட்டி ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. ஹிரோஷிமாவில் வீசப்படவிருந்த அணுகுண்டின் உறுப்புகள் கப்பலில் இருந்தன. உள்ளே இருப்பது இன்னதென மக்வேக்கும் சொல்லப்படவில்லை. விரைவாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது மட்டுமே ஆணை. ஜூலை 26 அன்று டினியன் தீவில் சுமையை இறக்கிவிட்டுக் குவாம் சென்ற கப்பல், ஜூலை 28 அன்று பிலிப்பைன்ஸின் லேடேத் தளத்தை நோக்கிக் கிளம்பியது.

பின்னர் எழுந்த வழக்கு முழுவதும், குவாமில் மக்வேக்குச் சொல்லப்பட்டவற்றையும் சொல்லப்படாதவற்றையும் சுற்றியே நிற்கிறது. துணைக் கப்பல் வேண்டும் என்று அவர் கேட்டார். தேவையில்லை என்று மறுக்கப்பட்டது. நீருக்கடியில் வரும் பகைக்கப்பலை ஒலியலையால் கண்டறியும் கருவி அவருடைய கப்பலில் கிடையாது. அவர் செல்லவிருந்த கடற்பகுதியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவுவதை, முறியடிக்கப்பட்ட இரகசியச் செய்திகளின் வழியே குவாம் தளத்தின் அதிகாரிகள் சிலர் அறிந்திருந்தனர். ஜூலை 24 அன்று ‘அண்டர்ஹில்’ என்ற அமெரிக்கக் கப்பல் அத்தகைய தாக்குதலில் மூழ்கியிருந்தது. இவ்விரண்டும் மக்வேக்குத் தெரிவிக்கப்படவில்லை. பகைவரின் இரகசியக் குறியீட்டை உடைத்த செய்தியைக் காப்பதற்காக அந்த மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது என்பர். அவ்வாறே இருப்பினும், அண்டர்ஹில் மூழ்கியது குறியீட்டால் அறிந்த செய்தியன்று. அதை மறைத்ததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

ஜூலை 29 மாலை வானம் மூடியிருந்தது. 8 மணியளவில், இருளில் வளைந்து செல்லத் தேவையில்லை என்று கருதிய மக்வே கப்பலை நேராகச் செலுத்தப் பணித்தார். வானிலை மாறினால் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கப்பலில் இருந்த நிலையாணை. 11 மணியளவில் தம் அறைக்குச் சென்றார். ஏறத்தாழ அதே வேளையில் ‘ஐ-58’ என்ற ஜப்பானிய நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு எழுந்தது. முகில் விலகி நிலவு வெளிப்பட்ட சில நொடிகளில் தொடுவானில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அதன் தலைவர் ஹஷிமோட்டோ மொச்சிட்சுரா உடனே நீருக்குள் இறங்கிக் காத்திருந்து, நள்ளிரவு கடந்ததும் சுமார் 1500 மீட்டர் தொலைவிலிருந்து ஆறு டார்பிடோக்களை விசிறிபோல் விரித்துச் செலுத்தினார். இரண்டு தாக்கின. 12 நிமிடங்களில் கப்பல் மூழ்கிற்று.

கப்பலில் இருந்தோர் 1195 பேர். ஏறத்தாழ 300 பேர் கப்பலோடு போயினர். எஞ்சியோர் உணவும் குடிநீரும் இன்றி, சுறாக்கள் சூழ, கடலில் மிதந்தனர். ஜூலை 31 அன்று லேடே சேர்ந்திருக்க வேண்டிய கப்பல் வரவில்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. போர்க்கப்பல்களின் வருகையை அறிவிக்க வேண்டாம் என்று ஓர் ஆணை இருந்தது. வராமையையும் அறிவிக்க வேண்டாம் என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. ஒரு சொற்றொடரில் சொல்லாது விட்டதைப் படிப்பவர் தமக்கேற்ப நிரப்பிக்கொள்வது கவிதையில் நயம் பயக்கலாம். அரசாணையில் அது நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. ஆகஸ்டு 2 அன்று, அவ்வழியே வேறு பணியாகப் பறந்த விமானி வில்பர் க்வின் தற்செயலாகக் கீழே நோக்கியபோது எண்ணெய்ப் படலத்தையும் மனிதத் தலைகளையும் கண்டார். கடல்விமானத்தை அலைகளின்மேல் இறக்கிய ஏட்ரியன் மார்க்ஸ் 56 பேரை ஏற்றினார். உயிர்தப்பியோர் மொத்தம் 316 பேர். மாண்டோர் 879 பேர். மக்வே தப்பியோரில் ஒருவர்.

நெளிவோட்டம்

குற்றம் எனப்பட்ட செயலை விளங்கிக்கொள்ளாமல் வழக்கை விளங்கிக்கொள்ள இயலாது. கப்பல் ஒரே திசையில் செல்லாமல், குறித்த நிமிடங்களுக்கு ஒருமுறை இடமும் வலமும் திரும்பித் திரும்பிச் செல்வதைக் கடற்படையார் ‘ஜிக்ஜாக்’ என்பர். ஈண்டு அதனை நெளிவோட்டம் எனலாம். முதல் உலகப் போரில் பரவலான உத்தி இது. நீருக்கடியில் நீர்மூழ்கியின் வேகம் குறைவு. விரைந்து செல்லும் கப்பலைத் துரத்திப் பிடிக்க அதனால் இயலாது. கப்பல் வரும் வழியை முன்கூட்டிக் கணித்து அங்கே காத்திருக்க வேண்டும். டார்பிடோவையும் கப்பல் இப்போதிருக்கும் இடத்துக்குச் செலுத்தினால் பயனில்லை. அது சென்று சேரும்போது கப்பல் எங்கிருக்குமோ அங்கே செலுத்த வேண்டும். அதற்குக் கப்பலின் திசை, வேகம், தொலைவு ஆகிய மூன்றும் தெரியவேண்டும். நெளிவோட்டம் இவற்றுள் முதலாவதைக் குலைக்க முயல்கிறது.

தொலைவு அதிகமாயின் இந்த உத்தி பயன்தரும். 1500 மீட்டரில் நிலைமை வேறு. அக்காலத்து ஜப்பானிய டார்பிடோ அத்தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு நிமிடமளவே. நெளிவோட்டத்தில் ஒரு திருப்பத்துக்கும் மறு திருப்பத்துக்கும் இடையே பெரும்பாலும் அதனினும் நீண்ட நேரம் செல்லும். ஆறு டார்பிடோக்கள் விசிறியாக விரிந்து வரும்போது சிறு திருப்பம் ஒன்றைத் தவிர்க்கச் செய்து மற்றொன்றின் வழியில் கப்பலைக் கொண்டு நிறுத்தவும் கூடும். ஆயினும் கண்காணித்துக்கொண்டிருக்கும் பகைவனின் கணக்கை ஓரளவேனும் குழப்பும் என்பதை மறுப்பதற்கில்லை. இந்த இரண்டு உண்மைகளும் ஒருங்கே நிற்கின்றன. வழக்கில் அவை ஒன்றையொன்று எதிர்த்து நிறுத்தப்பட்டன.

மக்வேக்குக் குவாமில் தரப்பட்ட பயண ஆணை, நெளிவோட்டத்தைத் தலைவரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. கடற்படையின் பொதுவிதியோ, பார்வை தெளிவாயிருக்கும்போது நெளிந்து செல்லவேண்டும் என்றது. ஆகவே, அன்றிரவு பார்வை தெளிவாயிருந்ததா என்பதே வினாவாயிற்று. அருகில் நின்றவன் முகமே தெரியவில்லை என்றனர் சிலர். நிலவு விட்டுவிட்டு ஒளிர்ந்தது என்றனர் சிலர். வானிலையை மணிதோறும் பதிந்துவைத்த கப்பற்குறிப்பேடு கப்பலோடு மூழ்கிவிட்டது. எஞ்சியது மனிதர்தம் நினைவு மட்டுமே.

குற்றச்சாட்டைத் தேர்ந்தவர்கள்

ஆகஸ்டு நடுவில் ஜப்பான் சரணடைந்த செய்தி வெளியான அந்நாளை ஒட்டியே இண்டியானாபொலிஸின் இழப்பும் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. ஊரெங்கும் வெற்றி விழா. 879 இல்லங்களில் மட்டும் இழவு. போர் முடிந்த பின்னர் இறந்துபட்ட செய்தி வந்த அக்குடும்பங்கள், காப்பாற்றக் கூடியவர்களை நான்கு நாள் ஏன் தேடவில்லை என்று கேட்டன. கடற்படை அதற்கு விடை கூறியாக வேண்டியிருந்தது.

குவாமில் கூடிய விசாரணைக் குழு மக்வேமீது நீதிமன்ற நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் அதற்கு உடன்படவில்லை. தலைவர் தவறாகக் கணித்திருக்கலாம், அது நீதிமன்றத்துக்குரிய குற்றமன்று என்று கருதி, கண்டன மடலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். வாஷிங்டனில் முழுக் கடற்படைக்கும் தலைமை வகித்த அட்மிரல் எர்னஸ்ட் கிங் அதை ஏற்கவில்லை. கடற்படைச் செயலர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் நீதிமன்றத்தைக் கூட்டினார். கிங்குக்கும் மக்வேயின் தந்தைக்கும் பழைய பகை இருந்தது என்றொரு கதை பின்னாளில் பரவியது. சுவையான கதைதான், சான்று போதாது. கதையின் துணையின்றியே நிகழ்ந்ததை விளக்க முடியும்.

குற்றச்சாட்டுகள் இரண்டு. முதலாவது, பார்வை தெளிவாயிருந்தும் நெளிவோட்டத்தை நிறுத்தி, கவனக்குறைவால் கப்பலை இடருக்கு உள்ளாக்கியமை. இரண்டாவது, கப்பலைக் கைவிடும் ஆணையை உரிய நேரத்தில் பிறப்பிக்கத் தவறியமை. மீட்பு ஏன் தாமதித்தது, துணைக் கப்பல் ஏன் மறுக்கப்பட்டது, எச்சரிக்கை ஏன் மறைக்கப்பட்டது ஆகிய மூன்று வினாக்களுக்கும் இக்குற்றச்சாட்டுகளில் இடமில்லை என்பதைக் காணலாம். கரையிலிருந்தோர் செய்தவை அனைத்தும் வழக்கின் எல்லைக்கு வெளியே நின்றன. கடலில் நின்றவர் செய்தது மட்டுமே உள்ளே வந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதற் குற்றச்சாட்டு ‘கப்பலை இழந்தார்’ என்று கூறவில்லை. ‘இடருக்கு உள்ளாக்கினார்’ என்றே கூறியது. இழந்தார் என்றிருப்பின், நேராகச் சென்றதால்தான் கப்பல் மூழ்கியது என்று மெய்ப்பிக்க வேண்டும். இடருக்கு உள்ளாக்கினார் என்பதால் அந்தப் பொறுப்பு நீங்கிற்று. நெளியாமல் சென்றார், பார்வை தெளிவாயிருந்தது என்ற இரண்டை மெய்ப்பித்தால் போதும். டார்பிடோ தாக்கியிராவிட்டாலும் குற்றம் குற்றமே. ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்த அளவிலேயே வழக்கின் போக்கு முடிவாகிவிட்டது எனலாம். பின்னாளில் தீர்ப்பை எதிர்த்தவர்கள் அனைவரும் முட்டிக்கொண்டது இந்தச் சொல்லோடுதான்.

பகைவரின் சாட்சியம்

1945 டிசம்பர் 3 அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் விசாரணை தொடங்கியது. நீதிமன்றத்தில் அதிகாரிகள் எழுவர். தலைவர் ரியர் அட்மிரல் வைல்டர் பேக்கர். எதிர்வாதத்துக்குத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள மக்வேக்குக் கிடைத்தவை சில நாட்களே. அவருக்காக வாதிட்டவர் கேப்டன் ஜான் கேடி. அரசுத் தரப்பில் கேப்டன் தாமஸ் ரயன்.

நாட்டையே திடுக்கிடச் செய்தது அரசுத் தரப்பு அழைத்த ஒரு சாட்சி. கப்பலை மூழ்கடித்த ஹஷிமோட்டோவையே ஜப்பானிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தனர். போர் முடிந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை. தோற்ற நாட்டின் அதிகாரி வென்ற நாட்டின் தலைநகரில் அமர்ந்து, வென்ற நாட்டின் அதிகாரிக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டும் என்பதைப் பத்திரிகைகளும் காங்கிரஸ் உறுப்பினர் பலரும் இழிவாகக் கருதினர். டிசம்பர் 13 அன்று அவர் மொழிபெயர்ப்பாளர் வழியே பேசினார். கப்பலைத் தாம் கண்டபோது அது நெளிந்து செல்லவில்லை என்று கூறியது அரசுத் தரப்புக்கு உதவியது. நெளிந்து சென்றிருந்தால் என்ன செய்திருப்பீர் என்ற வினாவுக்கு, தம் தாக்குதல் முறையில் மாற்றம் இருந்திராது என்று அவர் கூறிய விடையோ மக்வேக்கு உதவியது. அவர் சொன்னதை மொழிபெயர்ப்பு முழுமையாகக் கொண்டுவந்ததா என்பது பற்றிப் பிற்காலத்தில் ஐயம் எழுந்தது.

அமெரிக்க நீர்மூழ்கித் தலைவர்களுள் பெயர்பெற்ற க்ளின் டோனஹோவும் சாட்சி கூறினார். தேர்ந்த தாக்குதலாளிக்கு நெளிவோட்டம் பெருந்தடையன்று என்பது அவர் அனுபவம். குறுக்கு விசாரணையில், குறி திடீரெனத் திசை மாற்றினால் சங்கடம் உண்டாகும் என்பதை அவரும் ஒப்பவேண்டியதாயிற்று.

கப்பலை மூழ்கடித்தவரும் அதே தொழிலில் வல்ல மற்றொருவரும் இவ்வாறு உரைத்த பின்னும் தீர்ப்பு மாறாததற்குக் காரணம் முன்னர்க் கூறிய சொல்லே. மூழ்கியதன் காரணம் பற்றிய சாட்சியம் அது. நீதிமன்றத்தின் முன்னிருந்த வினாவோ இடர் பற்றியது. டிசம்பர் 19 அன்று நீதிமன்றம் இரண்டாம் குற்றச்சாட்டிலிருந்து மக்வேயை விடுவித்தது. ஒலிபரப்புக் கருவி செயலிழந்த நிலையில் வாய்மொழியாகவே ஆணை பரவவேண்டியிருந்ததை அது ஏற்றது. முதற் குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது. பணிமூப்புப் பட்டியலில், கேப்டன் பதவியிலும் நிலையான கமாண்டர் பதவியிலும் 100 இடங்கள் கீழிறங்க வேண்டும் என்பது தண்டனை. அதே நீதிபதிகள் ஒருமனதாகக் கருணை காட்டவும் பரிந்துரைத்தனர்.

1946 பிப்ரவரியில், வழக்குத் தொடரவேண்டும் என்று வற்புறுத்திய கிங்கின் பரிந்துரையின் பேரிலேயே ஃபாரஸ்டல் தண்டனையை நீக்கினார். கரையில் கடமை தவறியதாகக் கருதப்பட்ட நான்கு அதிகாரிகளுக்குக் கண்டன மடல்கள் அனுப்பப்பட்டன. அவையும் அவ்வாண்டிலேயே திரும்பப் பெறப்பட்டன. மடலைத் திரும்பப் பெறலாம். தீர்ப்பைத் திரும்பப் பெறுவதற்கு வழி இல்லை.

மன்றமில்லாத முறையீடு

இக்காலத்து வாசகர்க்கு இது வியப்பளிக்கும். அன்று அமெரிக்கக் கடற்படையின் நீதிமுறையில் மேல்முறையீட்டு மன்றம் என்று ஒன்று இருந்ததில்லை. நீதிமன்றத்தைக் கூட்டிய அதிகாரியே தீர்ப்பை மறுஆய்வு செய்து உறுதிப்படுத்துவார். இவ்வழக்கில் கூட்டியவர் கடற்படைச் செயலர், உறுதிப்படுத்தியவரும் அவரே. முப்படைக்கும் பொதுவான நீதிச் சட்டம் 1950இல் இயற்றப்பட்டு, அதன்வழி ஆயுதப்படை வழக்குகளுக்கெனக் குடிமக்களே நீதிபதிகளாக அமர்ந்த மேல்முறையீட்டு மன்றம் ஏற்பட்டபோது மக்வேயின் வழக்கு முடிந்து ஆண்டுகள் கடந்திருந்தன. குடியரசுத் தலைவரின் மன்னிப்பை வேண்டலாம். மன்னிப்போ குற்றத்தை ஒப்புக்கொண்டு பெறுவது. சிலம்பைக் கையிலேந்தி வழக்குரைத்தவளுக்கு முன்னால் வாயிற்காவலனும் அரசனும் அவையும் இருந்தனர். மக்வேக்கு நெடுஞ்செழியனும் இல்லை, உடைத்துக் காட்டச் சிலம்பும் இல்லை. சான்றாகக்கூடியது ஆழ்கடலில் கிடந்தது.

மக்வே தாமாக முறையிட முயலவுமில்லை. நியூ ஆர்லியன்சில் கரைப்பணி ஆற்றி, 1949இல் ரியர் அட்மிரல் என்ற மதிப்புப் பதவியுயர்வோடு ஓய்வு பெற்றார். மகனை இழந்த பெற்றோரிடமிருந்து, பண்டிகை நாட்களில் சிறப்பாக, அவருக்கு மடல்கள் வந்துகொண்டிருந்தன. வசை நிரம்பிய மடல்கள் அவை. 1960இல் இண்டியானாபொலிஸ் நகரில் உயிர்தப்பியோர் முதன்முறையாக ஒன்றுகூடினர். தம்மை எவ்வாறு எதிர்கொள்வரோ என்ற அச்சத்தோடு சென்றவருக்கு மாலுமிகள் வணக்கம் செலுத்தி வரவேற்பளித்தனர். மறு ஆண்டு அவர் மனைவி லூயிஸ் புற்றுநோயால் காலமானார். 1968 நவம்பர் 6 அன்று கனெக்டிகட்டில் இருந்த தம் இல்லத்தில் மக்வே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

முறையீடு அவர் மறைவுக்குப் பின்னரே வலுப்பெற்றது. அதை எடுத்துச் சென்றோர் அவரால் கேடுற்றவராகக் கருதப்படத்தக்க மாலுமிகளே என்பதுதான் இவ்வரலாற்றில் பெரிதும் எண்ணத்தக்கது. நான்கு நாள் கடலில் கிடந்து, தோழர் ஒவ்வொருவராய் மடிவதைக் கண்டவர்கள் அவர்கள். தலைவரை வெறுக்க அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, அவர்கள் வெறுக்கவில்லை. ஜைல்ஸ் மெக்காய் போன்றோர் சங்கமாகக் கூடி, மக்வேயின் மகன் கிமோவுடன் சேர்ந்து, அரசின் வாயில்களைத் தட்டிக்கொண்டேயிருந்தனர். ஒவ்வொரு முறையும் கடற்படை தந்த விடை ஒன்றே: நீதிமன்றம் முறைப்படி நடந்தது, குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டது, கப்பலுக்குத் தலைவரே பொறுப்பு. 1996இல் கடற்படைச் சட்டத்துறை அளித்த ஆய்வறிக்கையும் அதையே உறுதி செய்தது.

கடற்படையின் நிலையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. கப்பலில் நிகழும் அனைத்துக்கும் தலைவரே பொறுப்பு என்ற மரபு தளர்ந்தால் கடலில் ஒழுங்கு நில்லாது. ஆயினும் அம்மரபு, ஆணையிடும் உரிமையும் அறியும் உரிமையும் உடைய தலைவரைக் கருதி எழுந்தது. பகைவன் அவ்வழியில் இருப்பதை அறிந்தோர் அவரிடம் மறைத்துவிட்டு, அறியாமல் செய்த கணிப்புக்கு அவரைப் பொறுப்பாக்கியது மரபைக் காத்ததாகாது. இரகசியச் செய்திகள் பற்றிய ஆவணங்கள் 1990களில் ஆய்வாளர் கைக்கு எட்டிய பின்னரே, 1945 நீதிமன்றம் எதை அறியாமல் தீர்ப்பளித்தது என்பது தெளிவாயிற்று.

இதனிடையே துணை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ திரைப்படத்தில் சுறா வேட்டையாடும் கிழவர் பாத்திரம் இண்டியானாபொலிஸின் கதையைச் சொல்லும் காட்சி உண்டு. நாளைக்கூட ஒரு மாதம் தவறாகச் சொல்லும் காட்சி அது. ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில் 11 வயதுப் பள்ளி மாணவன் ஹன்டர் ஸ்காட் 1996இல் அதைக் கண்டு, பள்ளி வரலாற்றுப் போட்டிக்காக அக்கப்பலைப் பற்றித் தேடத் தொடங்கினான். உயிர்தப்பியோரில் ஏறத்தாழ 150 பேருக்கு எழுதியும் பேசியும் செய்தி திரட்டினான். அரை நூற்றாண்டாக முதியோர் சொல்லிவந்ததைச் சிறுவன் சொன்னபோது நாளிதழ்கள் செவிசாய்த்தன. ஊடகத்தின் இவ்வியல்பு பெருமைக்குரியதன்று. பயன்பட்டது என்பது உண்மை. (அச்சிறுவர் பின்னாளில் கடற்படை விமானியானார்.)

காங்கிரசில் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. 1999 செப்டம்பர் 14 அன்று செனட்டின் ஆயுதப்படைக் குழு ஜான் வார்னர் தலைமையில் விசாரணை நடத்தியது. செனட்டர் பாப் ஸ்மித் தீர்மானத்துக்கு முன்னின்றார். முதுமையால் தளர்ந்த மாலுமிகளும் பள்ளி மாணவனும் ஒரு பக்கம் சாட்சி கூற, கடற்படை உயரதிகாரிகள் மறுபக்கம் தீர்ப்பின் முறைமையை விளக்கினர். இண்டியானாபொலிஸ் என்ற அதே பெயர் தாங்கிய நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைவராயிருந்த வில்லியம் டோட்டி எழுதிய கட்டுரை அவ்வாண்டில் வெளிவந்தது. சட்டத்தின்படி தீர்ப்பு நிற்கும், அறத்தின்படி அவ்வழக்கே தொடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்ற அவருடைய பகுப்பு, இருதரப்பும் ஒருவரையொருவர் பொய்யராக்காமல் பேச வழி திறந்தது.

நவம்பரில் வார்னருக்கு ஜப்பானிலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஹஷிமோட்டோ. போருக்குப் பின் கியோட்டோவில் ஷின்டோ ஆலயம் ஒன்றின் பூசகராகியிருந்தார். 1990இல் பெர்ல் ஹார்பரில் உயிர்தப்பியோர் சிலரை நேரில் கண்டும் இருந்தார். நெளிந்து சென்றிருந்தாலும் தம் தாக்குதல் வென்றிருக்கும் என்று 1945இல் கூறியதை அவர் மீண்டும் உறுதிப்படுத்தி, அநியாயமான தீர்ப்பை மன்னிக்கும் காலம் இரு நாட்டு மக்களுக்கும் வந்துவிட்டது என்ற கருத்துப்பட எழுதினார். 90 வயதை எட்டியிருந்த அவரை இம்முறை எவரும் அழைக்கவில்லை. தாமாகவே சாட்சி கூறினார்.

2000 அக்டோபரில் காங்கிரஸ் தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்வேயின் பணிப்பதிவில், கப்பலின் இழப்புக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்பது இடம்பெற வேண்டும் என்பது காங்கிரசின் கருத்தாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அக்டோபர் 30 அன்று குடியரசுத் தலைவர் கிளின்டன் கையொப்பமிட்டார். ஹஷிமோட்டோ அக்டோபர் 25 அன்றே காலமாகியிருந்தார்.

‘கருத்து’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. அது கட்டளையன்று. தீர்ப்பை மாற்றும் ஆற்றல் காங்கிரசுக்கு இல்லை. தன் மனத்தைத் தெரிவிக்க மட்டுமே இயலும். அந்த மனத்தைச் செயலாக்க 2001 ஜூலையில் கடற்படைச் செயலர் கார்டன் இங்கிலாந்து ஆணையிட்டார். காங்கிரசின் சொற்கள் மக்வேயின் கோப்பில் சேர்க்கப்பட்டன.

2017 ஆகஸ்டு 19 அன்று பால் ஆலனின் ஆய்வுக் குழு பிலிப்பைன்ஸ் கடலில் 5500 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தது. மூழ்குவதற்குச் சில மணி நேரம் முன்னர் அதனைக் கடந்து சென்ற மற்றொரு கப்பலின் குறிப்பேடு, அது முன்னர்க் கருதியதைவிட மேற்கே சென்றிருந்ததைக் காட்டிக்கொடுத்திருந்தது.

1945 டிசம்பர் 19 அன்று ஏழு அதிகாரிகள் அளித்த தீர்ப்பு சட்டப்படி நீக்கப்படவில்லை. குற்றவாளி என்று கூறும் தாளும் பொறுப்பாளியல்லர் என்று கூறும் தாளும் ஒரே கோப்பில் இருக்கின்றன.